காணியை ஈடு வைக்காமல் தாவர நோயியல் படிக்க முடியுமா?

களுதாவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பெறுபேறு வந்துவிட்டது, மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. அப்பாவுக்கு வெற்றிலைத் தோட்டம் ஒன்றும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலும் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்தே கொடி அழுகுவதைப் பார்த்து வளர்ந்ததால் பயிருக்கு வரும் நோயைப் பற்றியே படிக்க ஆசை. டவுணில் உள்ள ஒரு முகவர், "இலங்கையில் தாவர நோயியலுக்குத் தனிப் பட்டமே கிடையாது, வெளிநாட்டில்தான் இருக்கிறது, நான்கு வருடத்துக்கு 60 இலட்சம் வரும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வயலை ஈடு வைக்க யோசிக்கிறாராம். "குறைந்த செலவில் இதைப் படிக்க வழி இருக்கிறதா அக்கா?" இதுதான் கேள்வி. வீட்டு வெற்றிலைக் கொடி ஏன் அழுகுகிறது என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லிக் காணி உறுதியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

முகவர் சொன்னதில் பாதி உண்மை. 'தாவர நோயியல்' என்று பெயர் போட்ட இளமாணிப் பட்டத்தை இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் கைநூலில் தேடினால் கிடைக்காது. அவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி, உலகத்தில் பெரும்பாலான நாடுகளிலும் கிடைக்காது என்பதுதான். இந்தியாவிலும் அப்படித்தான்: முதலில் நான்கு வருட விவசாயப் பட்டம், அதன் பிறகு இரண்டு வருட முதுமாணியில்தான் தாவர நோயியல். அமெரிக்காவில் விஸ்கொன்சின், ஒஹையோ போன்ற சில இடங்களில் மட்டும் முதல் பட்டத்திலேயே அந்தப் பெயர் உண்டு. அங்கேயும் இந்தத் துறையில் ஆராய்ச்சியாளராக இருப்பவர்களில் கனபேர் முதலில் தாவரவியலோ விவசாயமோ படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பட்டத்தின் பெயரை இல்லை. நான்காம் வருட ஆராய்ச்சியை நோயியலில் செய்ய விடுகிற, அதற்கு ஆளும் ஆய்வுகூடமும் இருக்கிற ஒரு விவசாயப் பீடத்தைத்தான். அப்படி ஒன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறினால் போகிற தூரத்தில், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கல்விக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை. நான் சூடு கண்டு படித்த பாடம் அது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெரும்போகம். படுவான்கரைப் பக்கம் ஒரு வயல் வட்டையில் நெல் இலையெல்லாம் கபிலப் புள்ளி. ஒரு கமக்காரர் இலையைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். நான் நோயியலில் நல்ல புள்ளி எடுத்தவள் அல்லவா, பார்த்தவுடனேயே பங்கசு (பூஞ்சை) என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தேன். அவர் நகை அடகு வைத்த காசில் மருந்து வாங்கி இரண்டு முறை அடித்தார். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு எங்கள் பகுதியில் நீண்டகாலம் இருந்த ஒரு விவசாயப் போதனாசிரியர் வந்து, வரம்பில் நின்றபடி மண்ணை அள்ளிக் கையில் உதிர்த்துப் பார்த்தார். "புள்ள, இது மணல் சேர்ந்த மண். பொட்டாஷ் போட்டாரா எண்டு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. கபிலப் புள்ளி நோயைப் பங்கசுதான் உண்டாக்குகிறது, அதில் பிழையில்லை. ஆனால் போசணை குறைந்த பயிரில்தான் அது ஆடும் ஆட்டம் எல்லாம். 1943 வங்காளப் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே நோய்தான் இது. அந்தக் கமக்காரருக்குத் தேவைப்பட்டது பசளை, நான் கொடுத்தது நஞ்சு.

அன்றைக்கு விளங்கியது, மண்ணும் நீரும் பசளையும் தெரியாமல் நோயை மட்டும் தெரிந்த ஆள் வயலில் ஆபத்தானவர் என்று. நான்கு வருட விவசாயப் பட்டத்தில் மண் விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, பூச்சியியல், பொருளியல், கால்நடை என்று எல்லாவற்றையும் போட்டுப் பிசைவார்கள். மாடு எனக்கு எதற்கு என்று அப்போது எரிச்சல் வரும். வரட்டும்.

இனி அனுமதி. உங்கள் பாடங்கள் உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ என்று நினைக்கிறேன். பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கு மருத்துவக் கதவு மூடும், விவசாயக் கதவு மூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பிரிக்கும் விதத்தை அப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் 16க்குள் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உங்கள் மாவட்டத்துக்கு முந்தைய மூன்று வருடங்களில் வந்த வெட்டுப்புள்ளிகளை எடுத்து, உங்கள் இசட் புள்ளியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போது கனபேர் தவறு விடுகிற இடம் ஒன்று உண்டு. விவசாயம் என்ற துறை கைநூலில் ஒரே பெயரில் இருப்பதில்லை. கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் 'விவசாயம்' என்று இருக்கும். பேராதனையில் 'விவசாயத் தொழில்நுட்பமும் முகாமைத்துவமும்' என்று இருக்கும். ருகுணு, சப்பிரகமுவை, ஊவா வெல்லஸ்ஸ, வயம்ப என்று போனால் பெயர்கள் இன்னும் மாறும். 'விவசாயம்' என்ற சொல்லை மட்டும் தேடிப் போட்டுவிட்டு மற்றதை விட்டவர்களை எனக்குத் தெரியும். விருப்ப ஒழுங்கு நீங்கள் எழுதுகிறபடிதான் பார்க்கப்படும். மேலே எழுதியது கிடைத்தால் கீழே உள்ளவை போய்விடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் "இது கிடைத்தால் உண்மையிலேயே போவேனா?" என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

வந்தாறுமூலையா, பேராதனையா? எந்தப் பிள்ளையும் கேட்பது இதைத்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நமது ஏ5 வீதி இருக்கிறதே, அது பேராதனையில் தொடங்கி பதுளை வழியாகச் செங்கலடியில் வந்து முடிகிறது. ஒரு முனையில் ஒரு விவசாயப் பீடம், மறு முனைக்குப் பக்கத்தில் மற்ற விவசாயப் பீடம். நான் முதல் பட்டத்தை இந்த முனையிலும் முதுமாணியை அந்த முனையிலும் படித்தவள். அதனால் இரண்டு பக்கமும் பேசுவேன்.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் விவசாயப் பீடத்தில் நோயியலும் பூச்சியியலும் விவசாய உயிரியல் துறைக்குள் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயப் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அங்கும் பேராதனையிலும் இதே பெயரில்தான் துறை. எங்கே படித்தாலும் மொழி ஆங்கிலம். பேராதனைக்கு உள்ள பெரிய பலம் அக்கம்பக்கம். கன்னொறுவை பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் பயிர்ப் பாதுகாப்புச் சேவையும் அங்கேதான். நடந்துபோய்க் கேட்கலாம், கற்கலாம், தொடர்பு பிடிக்கலாம். வந்தாறுமூலைக்கு உள்ள பலம் வேறு. நீங்கள் ஆராயப்போகிற நோய் உங்கள் வீட்டு வேலிக்குள்ளேயே இருக்கிறது. நெல்லில் எரிபந்தம் என்ற பங்கசு நோய் எப்போது விழுந்தது என்று மாமா தொலைபேசியில் சொல்வார், அடுத்த நாள் காலையில் நீங்கள் இலையோடு ஆய்வுகூடத்தில் நிற்கலாம். சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் உண்டு, கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையமும் உண்டு. 

புள்ளி பேராதனைக்கே காணும் என்றால், செலவுக்குப் பயந்து மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசம் சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு என்கிற அளவுதான். வீட்டு நிலைமை இறுக்கம், அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றால் வந்தாறுமூலையைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். முதல் பட்டம் எங்கே எடுத்தீர்கள் என்பதைவிட என்ன வகுப்பில் சித்தி பெற்றீர்கள், ஆராய்ச்சியில் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பிறகு கேட்பார்கள்.

காசுக் கணக்கையும் பார்ப்போம். கல்விக் கட்டணம் இல்லை என்றவுடன் செலவே இல்லை என்று எண்ணக் கூடாது. களுதாவளையிலிருந்து மட்டக்களப்பு டவுணில் பஸ் மாறித் தினமும் போய்வரலாம்தான். ஆனால் காலை எட்டு மணி விரிவுரையும் பின்னேரம் வரை இழுக்கும் செய்முறை வகுப்பும் உள்ள நாட்களில் உடம்பு தாங்காது. விடுதி கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் செங்கலடிப் பக்கம் மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதுதான் மலிவு. மடிகணினி கட்டாயம் வேண்டும். பழையது போதும். மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மற்ற நிதியுதவி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. பெரும்பாலும் குடும்ப வருமானத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். கிராம சேவகரின் வருமானச் சான்றிதழையும் மற்றக் கடதாசிகளையும் இப்போதே ஒரு கோவையில் போட்டு வையுங்கள். தோட்டக்காரரின் வருமானத்தைக் கடதாசியில் காட்டுவது சம்பளக்காரரைப்போல் இலேசு இல்லை, அதற்கு நாலு தரம் அலைய வேண்டிவரும். முதல் தவணைக் காசு கைக்கு வரும்வரை இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும்.

காசு செலவழிப்பதானால் ஆங்கிலத்துக்குச் செலவழியுங்கள். தமிழில் பங்கசு, வித்தி, நுணுக்குக்காட்டி என்று படித்துவிட்டு, முதல் வாரமே ஆங்கில விரிவுரைக்குள் போய் உட்காரும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். எனக்கு முதல் அரையாண்டில் விரிவுரையாளரின் கையசைவு மட்டும்தான் விளங்கியது. பெறுபேறுக்கும் பதிவுக்கும் இடையில் கிடைக்கிற மாதங்களை வீணாக்காதீர்கள்.

ஆய்வுகூடம் என்றவுடன் கோடிக்கணக்கான இயந்திரங்கள் என்று நினைக்கத் தேவையில்லை. மரபணுப் பரிசோதனைக்குப் போனால் காசுதான். ஆனால் அடிப்படை வேலை குசினி வேலை மாதிரி. பங்கசு வளர்க்கிற ஊடகத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்த சாறு, 20 கிராம் குளுக்கோசு, 20 கிராம் அகார். 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் அமுக்கத்தில் அவித்து, தட்டுகளில் ஊற்றினால் சரி.

இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். நெல்லில் எரிபந்தம் விழுந்த இலையில் கண் மாதிரி இரண்டு முனையும் கூரான புள்ளி இருக்கும், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். அப்படி ஒரு துண்டை வெட்டி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரக் கடதாசி விரித்து, இலை கடதாசியில் படாதபடி இரண்டு ஈர்க்கின் மேல் வைத்து, மூடி, ஒரு இரவு விடுங்கள். விடியப் பார்த்தால் புள்ளியின் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய பஞ்சு. அதை ஒட்டுநாடாவில் தொட்டு எடுத்து, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். பேரிக்காய் வடிவில், குறுக்கே இரண்டு சுவர் விழுந்து, மூன்று அறையாகத் தெரியும் வித்திகள் (பங்கசின் விதை மாதிரி). இந்தக் கரையில் எத்தனையோ போடியாரின் (பெரிய வயற்காரரின்) வயலைப் படுக்க வைத்தது இதுதான் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். உங்களுக்கும் சிலிர்த்தால் இந்தத் துறை உங்களுக்குரியது. "இவ்வளவுதானா?" என்று தோன்றினால் வேறு யோசியுங்கள். அந்தப் பரிசோதனைக்கு 60 இலட்சம் வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வருடத்திலேயே நோயியல் கற்பிக்கும் விரிவுரையாளரிடம் போய் நில்லுங்கள். நான்காம் வருட ஆராய்ச்சிக்கு யாரை எடுப்பார், அதற்கான பொருட்செலவு அவரது ஆராய்ச்சி நிதியில் வருமா, மாணவர் கையிலிருந்து போகுமா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நிதி உள்ள ஒருவரின் கீழ் செய்தால் செலவும் குறையும், ஆய்வும் உருப்படும். முந்தின வருட மாணவர்களிடமும் விசாரியுங்கள். நுணுக்குக்காட்டி எத்தனை, அமுக்க அவிப்பான் வேலை செய்கிறதா என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். தலைப்பு எடுக்கும்போது ஆடம்பரமான தலைப்பை விட்டுவிட்டு ஊர்ப் பயிரை எடுங்கள். வெண்டியின் மஞ்சள் நரம்பு நோய், மிளகாயின் இலைச்சுருளல், வாழையின் முடிக்கொத்து என்று வாவிக்குக் கிழக்கே நமது எழுவான்கரையில் குறையாமல் கிடக்கிறது.

விஞ்ஞான பீடத்தில் சேர்ந்து தாவரவியல் சிறப்புப் பட்டம் எடுப்பதும் ஒரு வழி. பங்கசு, வைரசு ஆராய்ச்சியில் ஆழமாகப் போக அது நல்ல அடித்தளம். ஆனால் விவசாயத் திணைக்களத்துப் பதவிகளுக்குப் பெரும்பாலும் விவசாயப் பட்டத்தைத்தான் கேட்பார்கள். வர்த்தமானி அறிவித்தலில் தகுதி என்ன என்று இரண்டு மூன்றை எடுத்து வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் விவசாயத்தைத்தான் சொல்வேன்.

உண்மையான தாவர நோயியல் படிப்பு முதுமாணியில் தொடங்குகிறது. இங்கே என்றால் பேராதனையில் 1975இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம். அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன், வார இறுதிகளில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு. வெளிநாட்டுக்குப் போகிற சரியான நேரமும் இதுதான். முதல் பட்டத்துக்கு வெளிநாடு போனால் நீங்கள் அவர்களுக்குக் காசு கட்ட வேண்டும். முதுமாணி, கலாநிதிப் படிப்புக்குப் போனால் அவர்கள் உங்களுக்குக் காசு தருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தாவர நோயியல் துறைகளில் ஆராய்ச்சி உதவியாளராக எடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப் படியும் கொடுக்கிறார்கள். ஜப்பான் அரசின் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அவுஸ்திரேலிய அரசினது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் என்று கதவுகள் இருக்கின்றன. இந்தியத் தூதரகம் ஊடாக வரும் புலமைப்பரிசில்களும் உண்டு. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாவர நோயியலில் பேர்பெற்ற இடம். இவை எல்லாவற்றுக்கும் கேட்பது நான்கு வருடச் சிறப்புப் பட்டம், நல்ல வகுப்பு, ஆங்கிலம், ஆராய்ச்சி அனுபவம். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்பவர்களுக்குத்தான் வழி ஒடுங்கும்.

இனி அந்த முகவர். அவரைக் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை நமது மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன? நான்கு வருடத்தில் ஆய்வுகூடத்திலும் வயலிலும் எத்தனை மணித்தியாலம்? இணையத்தில் மட்டும் நடக்கிற நோயியல் படிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அழுகிய தண்டின் மணத்தைக் கணினி காட்டாது. பதில் எழுத்தில் வராவிட்டால் அதுவே பதில். அரச பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாதவர்களுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதில் அங்கீகரிக்கப்பட்ட கற்கைநெறிகள் மட்டும்தான் சேரும். கையெழுத்து வைக்க முன் பட்டியலைப் பாருங்கள்.

புள்ளி காணாமல் போனால்? அழத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் பாலமுனையில் அரச விவசாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே டிப்ளோமா எடுத்தவர்கள் விவசாயப் போதனாசிரியர்களாக வந்திருக்கிறார்கள். மேலே சொன்னேனே, மண்ணை உதிர்த்துப் பார்த்தவர், அவர் பட்டதாரி இல்லை. டிப்ளோமாக்காரர்தான். மோட்டார் சைக்கிளில் போகிற போக்கிலேயே எந்த வயலில் அறக்கொட்டிப் பூச்சி, எந்த வயலில் எரிபந்தம் என்று சொல்வார். அம்பாறை ஹார்டியில் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் எடுத்த உங்கள் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடத்தில் உயிர்முறைமைத் தொழில்நுட்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்புப் பிராந்திய நிலையத்தில் காசு கட்டி, பாடம் பாடமாக விஞ்ஞானப் பட்டம் எடுக்கலாம். வேலையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். உயர்தரத்துக்கு மூன்று தரம் தோற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வெட்டுப்புள்ளிக்கும் உங்களுக்கும் இடையில் சொற்ப தூரம்தான் என்றால் இன்னொருதரம் எடுப்பதே எல்லாவற்றிலும் மலிவு.

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன். 'தாவர நோயியலாளர்' என்ற பெயர்ப்பலகையோடு வருகிற பதவி இலங்கையில் விரல் விட்டு எண்ணக்கூடியது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவுகள், கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை, தலவாக்கலையில் தேயிலை, லுணுவிலவில் தெங்கு, அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள். இவற்றில் வெற்றிடம் வர வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். விவசாயப் பட்டம் கையில் இருந்தால் காத்திருக்கும் காலத்தில் வேறு வேலைக்குப் போகலாம். விதைக் கம்பனி, மருந்துக் கம்பனி, இழைய வளர்ப்பு வாழைக்கன்று, வங்கியின் விவசாயக் கடன் பிரிவு என்று எங்கேயாவது பிழைக்கலாம். நோயியல் என்று மட்டும் எழுதிய வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தால் அந்த நெகிழ்வு குறைவு. மருந்துக் கம்பனி வேலையில் சம்பளம் நல்லது, ஆனால் தேவையில்லாத மருந்தை விற்கச் சொல்லும் நாளும் வரும். அப்போது என்ன செய்வது என்பது உங்கள் மனச்சாட்சி.

நாட்டுக்கு இந்த ஆட்கள் தேவையா என்று உங்கள் அப்பா கேட்டால், கோப்பிக் கதையைச் சொல்லுங்கள். 1869இல் இலங்கைக் கோப்பியில் செம்மஞ்சள் தூள் மாதிரித் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடித் துண்டில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறந்துவரும் வித்தியைப் பிடித்துக் காட்டினார். நோய் எப்படிப் பரவுகிறது என்று விளங்கியது. ஆனால் பிந்திவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. உலகம் முழுக்கத் தாவர நோயியல் மாணவர்கள் ஆரம்ப வகுப்பிலேயே இலங்கையின் பெயரைப் படிப்பது இதனால்தான். அப்படிப்பட்ட நாட்டுப் பிள்ளைக்கு இதைப் படிக்க இங்கே இடமில்லை என்று ஒருவர் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

கடைசியாக, வீட்டு வெற்றிலைக் கொடி அழுகுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்க்காமல் சொல்ல மாட்டேன், ஒருமுறை பட்டது போதும். அடித்தண்டு கறுத்து, இலை வாடித் தொங்கினால் பைற்றொப்தோரா என்ற கிருமியாக இருக்கலாம். அது பங்கசு மாதிரி நடிக்கும், உண்மையில் பங்கசு இல்லை. அதனால் பங்கசுக்கு அடிக்கிற மருந்துகளில் பல அதற்குப் பலிக்காது. அப்பா எதை அடித்தார், எத்தனை முறை, தோட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று எழுதி வையுங்கள். மாதிரி எடுக்கும்போது முழுதாகச் செத்த கொடியைப் பிடுங்க வேண்டாம், இப்போதுதான் நோய் தொடங்குகிற கொடியாக எடுங்கள். நல்ல பகுதியும் பழுதான பகுதியும் சேர்ந்து இருக்கட்டும், வேரோடு கொஞ்ச மண்ணும் வேண்டும். சொப்பிங் பேக்கில் கட்டி வெயிலில் கொண்டு வந்தால் வழியிலேயே வேறு கிருமி ஏறி எல்லாம் கூழாகிவிடும். பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டு வாருங்கள். காலையில் எடுத்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும்.